கன்னியம்மா சொன்னதும் சாரங்கபாணி சொன்னதும்

செங்கல்பட்டிலிருந்து காலை ரயிலேறிப் போய்ச் சாயங்கால ரயிலில் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் ஒரு முன்சீப் கோர்ட்டு. அதன் பெயரைச் சொல்லி இத்தனை வருஷத்துக்குப் பிறகு யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம். அந்தக் கோர்ட்டில் செங்கல்பட்டுக்காரர் சாரங்கபாணி மொழிபெயர்ப்புக் குமாஸ்தா. சாட்சிகள் தமிழில் சொல்வதை இங்கிலீஷில் மாற்றி முன்சீப்பின் காதில் போடுவது அவர் உத்தியோகம். முன்சீப் ராஜமுந்திரிப் பக்கத்துக்காரர். ஆந்திரா அப்போது பிரியவில்லை. தெலுங்கர் இங்கே வந்து தீர்ப்பு எழுதுவதும் தமிழர் அங்கே போய் எழுதுவதும் சர்வசாதாரணம். அந்த மனிதருக்குத் தமிழ் "தண்ணி கொண்டா" வரைக்கும்தான் வரும். அதற்கு மேல் சாரங்கபாணிதான் அவருக்குக் காது.

இருபத்தாறு வருஷமாக யார் யாருக்கோ காதாக இருந்து இருந்து சாரங்கபாணி களைத்துப்போயிருந்தார். உடம்புக் களைப்பு என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தூங்கினால் போய்விடும். இது அப்படியில்லை. வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, கிணற்றுப் பாத்தியம் என்று ஊராருடைய அழுகையெல்லாம் தினமும் அவர் வாய் வழியாகப் போய்வந்துகொண்டிருந்தது. அவருடைய சொந்தப் பேச்சுக்கு வீட்டில் மிச்சம் ஒன்றும் இருப்பதில்லை. "வாயில் என்ன கொழுக்கட்டையா?" என்று அவர் மனைவி ரங்கநாயகி கேட்டுக் கேட்டு அலுத்து, கேட்பதையே விட்டுவிட்டாள்.

இவரா ஒரு காலத்தில் சொல் பைத்தியம் பிடித்துத் திரிந்தவர் என்று யாரும் நம்பமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் முதலாவதாக வந்ததற்கு அவருக்குத் தலையணை கனத்தில் ஓர் அகராதி பரிசு கிடைத்தது. அர்த்தத்தோடு நிறுத்தாமல், அந்தச் சொல் எந்த ஊரில் பிறந்து யார் வீட்டில் வளர்ந்து எப்படி இங்கிலீஷில் வந்து குடியேறியது என்று ஜாதகமே சொல்கிற அகராதி. வாலிபத்தில் அவருக்கு அதுதான் பொழுதுபோக்கு. கல்யாணமான புதிதில் ரங்கநாயகியை உட்காரவைத்து, "சர்ப்ரைஸ் என்கிறார்களே, அது எங்கே பிறந்தது தெரியுமோ?" என்று ஆரம்பிப்பார். அவள் கறிகாய் நறுக்கிக்கொண்டே, தெரியாது என்று தலையாட்டுவாள். "பிரெஞ்சுக்காரன் சொல். மேலே பாய்ந்து பிடித்துக்கொள்வது என்று அர்த்தம். அசந்த நேரம் பார்த்து எதிரிப் படை கோட்டையைப் பிடித்தால், அதற்குப் பெயர்தான் முதலில் சர்ப்ரைஸ். அப்புறம்தான் எதிர்பாராததைப் பார்த்து மனசு அகப்பட்டுக்கொள்வதற்கு அந்தப் பெயர் வந்தது. இப்போது சித்தப்பா சொல்லாமல் கொள்ளாமல் வந்தால்கூட சர்ப்ரைஸ்." அவள் சிரிப்பாள். அவருக்கு அது போதும்.

கோர்ட்டில் சேர்ந்த புதிதிலும் அந்த மோகம் இருந்தது. சாட்சி 'பகீர்னு ஆச்சு' என்றால் ஒரு சொல், 'திக்குனு ஆச்சு' என்றால் வேறொரு சொல், 'தூக்கிவாரிப் போட்டுச்சு' என்றால் இன்னொன்று என்று தேடித் தேடிக் கொடுப்பார். ஒரு நாள் அப்போதிருந்த முன்சீப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மிஸ்டர் சாரங்கபாணி, இது கோர்ட்டு. காவியம் படிக்கிற மடமில்லை. சீக்கிரம் சொல்லும்" என்றார். வக்கீல்கள் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவர் காதில் ரொம்ப நாள் இருந்தது. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாமான்களைக் குறைத்துக்கொண்டார். ஐந்நூறு சொல் ஐம்பதாயிற்று. பகீர், திக், வெலவெலத்தது, ஆடிப்போனது, வாயடைத்தது எல்லாவற்றுக்கும் சேர்த்து 'ஐ வாஸ் சர்ப்ரைஸ்ட்' என்று ஒன்றே ஒன்று நின்றது. யாரும் குறை சொல்லவில்லை. சாரங்கபாணி மாதிரி வேகமாக வேலை செய்ய ஆளில்லை என்று நல்ல பெயர்கூடக் கிடைத்தது.

இன்னொரு வழக்கமும் வந்து ஒட்டிக்கொண்டது. சாட்சி சொல்லி முடித்ததும், எழுதியதை அப்படியே திரும்பத் தமிழில் அவனுக்குப் படித்துக்காட்ட வேண்டும். அவன் சரியென்று ஒப்புக்கொண்ட பிறகுதான், 'படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார்' என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சட்டம் அப்படி. ஆனால் ஒவ்வொரு சாட்சிக்கும் படித்துக்காட்டிக்கொண்டிருந்தால் கோர்ட்டு என்றைக்குக் கலைவது? சாட்சி கூண்டை விட்டு இறங்குவதற்குள் சாரங்கபாணி அந்த வரியை எழுதிக் கையெழுத்தும் போட்டு முடித்திருப்பார். முன்சீப்புக்குத் தெரியும், வக்கீல்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் சாட்சிகள் மட்டும்தான்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசி மாதத்தில் கன்னியம்மா கூண்டில் ஏறினாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் அவள் புருஷன் விட்டுப்போன சவுக்குத் தோப்பு இரண்டு ஏக்கர். புருஷன் செத்த பதினாறாம் நாள் கொழுந்தன் திருவேங்கடம், பட்டா மாற்ற வேண்டும் என்று சொல்லி ஒரு காகிதத்தில் அவள் கைநாட்டை வாங்கிக்கொண்டான். அது கிரயப் பத்திரம். தோப்பை அவளே தனக்கு விற்றுவிட்டதாகச் சொல்லி ஒரு நாள் ஆள் விட்டு வெட்ட ஆரம்பித்தான். பத்திரம் செல்லாது என்று கன்னியம்மா வழக்குப் போட்டிருந்தாள். அவளுக்கு வக்கீல் சாலமோன். திருவேங்கடத்துக்கு வக்கீல் வெங்கடராகவன். சாட்சியைச் சிரித்துப் பேசியே கவிழ்ப்பதில் பேர் போனவர்.

"வெட்ட ஆள் வந்தப்போ நீ அங்கேதானே இருந்தே?" என்று ஆரம்பித்தார் வெங்கடராகவன்.

"ஆமா சாமி."

"போய்த் தடுத்தியா?"

"இல்ல சாமி."

"கூச்சல் போட்டியா? ஊரைக் கூட்டினியா?"

"இல்ல."

"ஏன்?"

கன்னியம்மா கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாத்த சொல்றது சாமி. கஞ்சிக் கலயத்த இடுப்புல வெச்சிகினு வர்றேன். பாத்தா என் தோப்புல ஆறு பேரு கோடாலி போட்டுகினு கீறாங்க. எங்க வூட்டுக்காரு கையால நட்ட மரம். தலைல இடி வுழுந்தா மாரி ஆயிட்சி சாமி. நின்ன எடத்துலயே நின்னுட்டேன். கத்தணும்னுதான் பாக்குறேன், வாயே தொறக்கல. காலு மண்ணுல பொதஞ்சா மாரி கீது. கலயம் வுழுந்து ஒடஞ்சதுகூட எனக்குத் தெரியாது. பக்கத்து வூட்டு பொன்னிதான் வந்து கையப் புடிச்சி வூட்டுக்கு இட்டுகினு போனா. ரெண்டு நாளு நான் பேசவே இல்ல."

சுவர்க் கடிகாரத்தில் நாலு மணி பத்து நிமிஷம். ரயில் நாலே முக்காலுக்கு. அன்றைக்கு அது ஏழாவது சாட்சி. சாரங்கபாணிக்குத் தொண்டை வறண்டு, முதுகு கழன்றுவிடும் போல் இருந்தது. முன்சீப் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"ஐ வாஸ் சர்ப்ரைஸ்ட். ஐ டிட் நாட் சே எனிதிங்" என்றார் சாரங்கபாணி.

ஆச்சரியப்பட்டேன், ஒன்றும் சொல்லவில்லை. முன்சீப் எழுதிக்கொண்டார். கன்னியம்மா அவரையே ஒரு கணம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இறங்கிப் போனாள். படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு சாரங்கபாணி ஸ்டேஷனுக்கு ஓடினார். ரயில் கிடைத்தது.

தை கடைசியில் தீர்ப்பு வந்தது. கன்னியம்மாவின் வழக்குத் தள்ளுபடி. வாரத்துக்கு நாலு வழக்கு தள்ளுபடியாகிற இடத்தில் அதை யார் நினைத்துக்கொண்டிருக்கப்போகிறார்கள்? சாரங்கபாணியும் நினைக்கவில்லை. ஆனால் அந்த வாரம் நகல் எடுக்கிற குமாஸ்தா காய்ச்சல் என்று படுத்துவிட்டார். அந்த வேலை சாரங்கபாணி தலையில் விழுந்தது. முணுமுணுத்துக்கொண்டே தட்டெழுத்துப் பொறியின் முன்னால் உட்கார்ந்தவர் பதினோராவது பாராவில் நின்றுபோனார்.

'தன்னை ஏமாற்றித் தோப்பைப் பறித்துவிட்டார்கள் என்று சொல்லும் வாதி, மரம் வெட்டப்படுவதைக் கண்ணால் கண்டபோது, தான் ஆச்சரியப்பட்டதாகவும் ஒன்றும் சொல்லவில்லை என்றும் தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார். விற்றவளுக்கு, வாங்கியவன் இவ்வளவு சீக்கிரம் வெட்டுகிறானே என்று ஆச்சரியம் வரலாம். விற்காதவளுக்கு வெறும் ஆச்சரியம்தானா வரும்? அவருடைய மௌனமே விற்பனைக்குச் சாட்சி' என்று எழுதியிருந்தது.

முன்சீப் மேல் தப்பு சொல்ல முடியாது. அவர் காதில் விழுந்தது அவ்வளவுதான். அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு நீதி தேவதையே வந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பாள். சாரங்கபாணி பொறியின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அந்தப் பெண்பிள்ளை கூண்டில் என்ன சொன்னாள் என்பது வார்த்தைக்கு வார்த்தை அவருக்கு நினைவு வந்தது. வராமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. நகலை அடித்து முடித்து, வழக்கம்போல ரயிலேறி வீட்டுக்கு வந்து, வழக்கம்போலச் சாப்பிட உட்கார்ந்து, இரண்டு கவளத்தோடு எழுந்துவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அலமாரியின் அடித்தட்டிலிருந்து அகராதியை எடுத்துத் தூசி தட்டினார். என்னத்தைத் தேடினார் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுவதுதான் நியாயம். தப்பிக்க ஒரு வழியைத்தான் தேடினார். சர்ப்ரைஸ் என்ற பக்கத்தைத் திருப்பினார். மேலே பாய்ந்து பிடித்துக்கொள்வது, அசந்த நேரத்தில் தாக்குவது. இதோ இருக்கிறதே! நான் சொன்னது தப்பில்லையே. அவளை ஒரு படை வந்து தாக்கினதாகத்தானே சொல்லியிருக்கிறேன்! அரை நாழிகை நெஞ்சுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்தது. ஆனால் முப்பது வருஷம் சொற்களோடு குடித்தனம் நடத்திய மனுஷனுக்கு அந்தச் சமாதானம் எத்தனை நேரம் தாங்கும்? அந்த அர்த்தமெல்லாம் செத்து எத்தனையோ காலம் ஆகிறது. ஆயிரம் பேர் வாயில் விழுந்து விழுந்து, இன்றைக்கு அந்தச் சொல்லுக்கு உயிரே இல்லை. அதில் கொஞ்சத்தைத் தேய்த்ததே இவர்தான்.

சும்மா இருந்திருக்கலாம். கை முன் பக்கங்களுக்குத் தானாகப் போயிற்று. ஏ வரிசையில் அஸ்டானிஷ் என்ற சொல். லத்தீனில் இடி இடிப்பது என்பதிலிருந்து பிறந்தது, பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. ஆதியில் அதற்கு அர்த்தம், அடி விழுந்தது மாதிரி உணர்வு மரத்துப்போய்ப் பேச்சு மூச்சற்று நிற்பது. பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தது. இருபது வயதில் அவரே போட்ட கோடு.

தலைல இடி வுழுந்தா மாரி ஆயிட்சி. எழுத்துப் படிக்காத கன்னியம்மா அந்தச் சொல்லின் வேரையே பிடுங்கி அவர் கையில் கொடுத்திருக்கிறாள். தேட வேண்டிய சிரமம்கூட இல்லை. ரயில் நேரம் ஆகிறதென்று அதைத் தூக்கிக் கீழே போட்டவர் அவர்தான். சொல்கூடப் பரவாயில்லை. வாய் திறக்கவில்லை, கால் நகரவில்லை, கலயம் விழுந்தது தெரியவில்லை என்று அவள் மௌனத்துக்கு அவளே காரணம் சொன்னாளே, அதையெல்லாம் எங்கே விழுங்கினார்? படித்துக் காட்டியிருந்தாலாவது, இல்லை சாமி, நான் சொன்னது இதில்லை என்று அவள் சொல்லியிருப்பாள். அகராதியை மூடிவிட்டு வெட்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"உடம்புக்கு என்ன?" என்று ரங்கநாயகி வந்து நின்றாள். சொன்னார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவளிடம் நிறையப் பேசினது அன்றைக்குத்தான்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். "இப்போ என்ன பண்ணணும்கிறேள்?"

"அப்பீலுக்கு இன்னும் மூணு வாரத்துக்கு மேல் இருக்கு. நான் படிச்சுக் காட்டலே, அவள் சொன்னது இதுன்னு எழுதிக் கொடுத்தா, மறுபடியும் அவளைக் கூப்பிட்டு விசாரிக்க வழியிருக்கு."

"கொடுத்தா உங்களுக்கு?"

"பொய் சர்டிபிகேட் கொடுத்தேன்னு ஆகும். உத்தியோகம் போகும். பென்ஷனும் போனாலும் போகும்."

"ரிடையர் ஆக இன்னும் பதினாலு மாசம். பல்லைக் கடிச்சுண்டு இருக்கப்படாதா?" என்றாள் ரங்கநாயகி. கோபமில்லை, கெஞ்சலுமில்லை. "நீங்க ஒருத்தர் சொல்லித்தானா தீர்ப்பு மாறப்போறது? பொண்ணு கல்யாணம் வேற இருக்கு, வத்சலாவுக்கு இன்னும் ஜாதகம்கூட எடுக்கலே. என்னால இனிமே முடியலே" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் களைப்புத்தான். அவர் தினமும் வீட்டுக்குக் கொண்டுவந்த களைப்பில் பாதி அவளுடையது.

பதினாலு மாதம் என்பது பெரிய காலமில்லை. பல்லைக் கடிக்க சாரங்கபாணிக்குச் சொல்லித்தர வேண்டியதுமில்லை. இரண்டு வாரம் கடித்துப் பார்த்தார். வேறு சாட்சிகள் வந்தார்கள். ஒரு கிழவன் கூண்டில் ஏறி, "பகீர்னுச்சு சாமி" என்றான். சாரங்கபாணி வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. முன்சீப் நிமிர்ந்து பார்த்தார். தண்ணீர் குடித்துவிட்டு என்னத்தையோ சொல்லிச் சமாளித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை, திருக்கழுக்குன்றம் உற்சவ ஏற்பாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு பஸ் ஏறியவர், திருக்கழுக்குன்றத்தில் இறங்காமல் மாமல்லபுரத்துக்கே டிக்கெட் வாங்கினார்.

இறங்கிக் கடலோரமாகத் தெற்கே இரண்டு மைல் நடக்க வேண்டியிருந்தது. மணலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, ஐம்பத்துமூன்று வயசு உடம்பு மூச்சு வாங்க வாங்க நடந்தது. கன்னியம்மாவின் தோப்பு இருந்த இடத்தில் அடிக்கட்டைகூட இல்லை, தோண்டி எடுத்துப் போயிருந்தார்கள். பக்கத்தில் வேறொருவர் தோப்பில் கன்னியம்மா கூலிக்குச் சவுக்குச் சருகு வாரிக்கொண்டிருந்தாள்.

அவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். கையிலிருந்த சருகு வாரியைக் கீழே போடவில்லை. "கோர்ட்டு சாமி இல்ல நீங்க? இன்னா சாமி? இன்னும் இன்னா கீது எங்கிட்ட, எட்த்துகினு போறதுக்கு?"

"எடுத்துண்டு போக வரலேம்மா. ஒண்ணு சொல்ல வந்தேன்."

நிழலில் உட்கார்ந்தார். அவள் நின்றுகொண்டேயிருந்தாள். ஒன்று விடாமல் சொன்னார். அவள் சொன்னது இது, நான் இங்கிலீஷில் சொன்னது இது, முன்சீப் அதை வைத்து எழுதினது இது. சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மண்ணை வாரி இறைப்பாள், வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அது அன்னிக்கே தெரியும் சாமி" என்றாள் கன்னியம்மா.

சாரங்கபாணி நிமிர்ந்தார்.

"நான் அம்மாந்நேரம் பேசினேன். நீங்க இத்தினியூண்டு சொன்னீங்க. இன்னாடா இதுன்னு உங்க மூஞ்சியத்தான் பாத்துகினு நின்னேன். அப்புறம், படிச்சவங்க பாசையில நம்ம கஸ்டமெல்லாம் இத்தினியூண்டுல அடங்கிடும் போலன்னு நெனச்சிகினு எறங்கிட்டேன்."

முகத்தில் அறைந்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேல்துண்டால் துடைத்துக்கொண்டார். அவள் அதைப் பார்த்தாள், ஆனால் தேற்றவில்லை.

"இப்ப இன்னா பண்ணணும்?" என்று கேட்டாள்.

"அப்பீல் பண்ணணும். நான் படிச்சுக் காட்டலேன்னு எழுதிக் கொடுத்தா, கோர்ட்டிலே உன்னை மறுபடியும் கூப்பிட்டுக் கேப்பா. சாலமோன் வக்கீல் பாத்துப்பார். இன்னும் பத்து நாள் இருக்கு."

"எழுதிக் குட்த்தா உங்களுக்கு இன்னா ஆவும்?"

"வேலை போயிடும். பென்ஷனும் சந்தேகம்தான்."

கடல் பக்கத்துக் காற்றுக்குச் சவுக்கு மரங்கள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தன. எதற்காக இவ்வளவு தூரம் மணலில் நடந்து வந்தோம் என்பது அந்த நேரத்தில்தான் சாரங்கபாணிக்குப் புரிந்தது. மன்னிப்புக் கேட்க மட்டும் வரவில்லை. 'வேணாம் சாமி, போனது போவட்டும், வயசான காலத்துல உங்களுக்கு எதுக்கு அந்தக் கஷ்டம், வுட்டுடுங்க' என்று அவள் சொல்லக் கேட்கத்தான் வந்திருக்கிறார். ஏழைகள் அப்படித்தான் சொல்வார்கள். இருபத்தாறு வருஷமாக எத்தனை பேர் அப்படிச் சொல்லிவிட்டுக் கூண்டை விட்டு இறங்கிப் போனதைப் பார்த்திருக்கிறார். அதைச் சொல்லிவிட்டாளானால் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கலாம்.

கன்னியம்மா வாரியை மரத்தில் சாய்த்துவைத்தாள்.

"அப்ப எழுதிக் குட்த்துடுங்க சாமி" என்றாள். "உங்க வேல போவணும்னு சொல்லல. நான் இன்னா சொன்னனோ அத்த எழுதுங்க. கூடவும் வேணாம், கொறயவும் வேணாம்."

சாரங்கபாணி குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எப்ப குடுப்பீங்க?"

"நாளைக்கு" என்றார்.

"நாளைக்கு நானும் வர்றேன் வக்கீல் வூட்டுக்கு. நீங்க எழுதறப்ப கிட்ட ஒக்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து சருகு வார ஆரம்பித்தாள்.

அவரை நம்பி விட்டுவிட அவள் தயாராயில்லை. அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. எழுந்து, வேட்டியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வடக்கே நடந்தார். ரங்கநாயகியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனதில் மூன்று மணி பஸ் போய்விட்டது.

திங்கட்கிழமை லீவு எழுதிப் போட்டுவிட்டு அவர் சாலமோன் வக்கீல் வீட்டுக்குப் போனபோது, வாசற்படியில் கன்னியம்மா முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தாள்.